நர்ஸம்மாவின் கையெழுத்து

வானகரம் என்றால் அரசியல் பார்ப்பவர்களுக்கு 2022 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஜூன் 23-லும் ஜூலை 11-லும் அ.தி.மு.க. பொதுக்குழு கூடியது இங்குள்ள ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸ் திருமண மண்டபத்தில். சென்னை மேற்கில் வசிப்பவர்களுக்கோ இது மொத்த மீன் சந்தை இருக்கும் ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் முண்டியடிக்கும் இடம். நெடுஞ்சாலையை விட்டு அம்பத்தூர் சாலையில் திரும்பினால் அயனம்பாக்கத்தில் அப்பல்லோ நர்சிங் கல்லூரி வருகிறது. திரும்பாமல் மேற்கே சில கிலோமீட்டர் போனால் பூந்தமல்லி. அங்கே அரசின் பொது சுகாதார நிறுவனம்.

முதல் இடத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளுக்குப் போகிறார்கள். இரண்டாவது இடத்தின் வரலாறு முழுக்கவும் தெருவுக்கும் வீட்டுக்கும் போகும் சுகாதாரப் பணியாளர்களின் வரலாறு. தமிழ்நாட்டில் நர்சிங் படிப்பு வளர்ந்த விதத்தைச் சொல்ல இந்த இரண்டு முகவரிகள் கிட்டத்தட்டப் போதும். ஒன்றில் பட்டம் மேல் மேலாக ஏறியது. இன்னொன்றில் பட்டமே இல்லாத பெண்களிடம் வேலையும் பொறுப்பும் வந்து குவிந்தன. காய்ச்சலோடு வரும் குழந்தையைப் பார்த்து, என்ன கோளாறு என்று தானே முடிவு செய்து, மருந்து எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் இரண்டு பக்கமும் முழுதாக வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் அந்த உரிமையோடு வேலை செய்பவர்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர். குழந்தை நலத்துக்கும் குடும்ப நலத்துக்கும் தனித்தனியாகப் பயிற்சி உண்டு. அது இப்போது டாக்டர் பட்டம் வரை நீள்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வரலாம். நம் ஊர்க் கதை அதைவிட நூறாண்டு மூத்தது.

மதராஸ் அரசு பிரசவ மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. இன்றைக்கு எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை என்று அறியப்படுவது அதுதான். பத்தாண்டு கழித்து, 1854-ல், அங்கே மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பள்ளி திறந்தது 1860-ல் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஆண்டின் அருமை புரியும். நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் இந்திய மருத்துவமனைகளில் நர்சிங் எப்படி இருக்க வேண்டும் என்று 1865-ல் லண்டனிலிருந்தே விரிவாக எழுதிக் கொடுத்தார். 1871-ல் மதராஸ் பொது மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது. ஆறு மாதப் படிப்பு, நான்கு மாணவிகள்.

நான்கே நான்கு பேர் வந்ததற்குக் காரணம் ஆள் தட்டுப்பாடு மட்டும் இல்லை. ஊரில் பிரசவம் பார்ப்பது பரம்பரைத் தொழிலாக, பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள் கையில் இருந்தது. மருத்துவச்சி இல்லாமல் எந்தச் சாதி வீட்டிலும் பிள்ளை பிறக்காது. பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குத் திண்ணையைத் தாண்டி இடமும் கிடையாது. ரத்தத்தையும் மலத்தையும் அந்நிய ஆணின் உடலையும் தொடுகிற வேலைக்கு, அதுவும் இராத்திரி டியூட்டிக்கு, தங்கள் பெண்ணை அனுப்ப மற்ற குடும்பங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவர்கள் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவப் பெண்கள். வெகுகாலம் இந்த நிலை மாறவில்லை. சென்னை மருத்துவமனைகளில் இன்றும் நர்ஸை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் பழக்கத்தில் அந்தக் காலத்தின் வாடை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

எழும்பூரில் பயிற்சி பெற்ற ஒருவரின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. மேரி ஷார்லீப், மதராஸில் வக்கீலாக இருந்த ஆங்கிலேயரின் மனைவி. பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்தில் சாவதைப் பார்த்துவிட்டு, முதலில் பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சி வேலைதான் கற்றுக்கொண்டார். அது போதாது என்று பட்டதும் 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். லண்டன் போய் மேற்படிப்பு முடித்துத் திரும்பினார். 1885-ல் தொடங்கிய கோஷா மருத்துவமனை, அதாவது இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, அவர் முயற்சியால் வந்தது. பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டுமென்றால் அன்றைக்கு ஒரே வழி, டாக்டராகிவிடுவது. ஷார்லீபுக்கு வசதி இருந்தது, போனார். அவரோடு வார்டில் நின்ற மற்ற மருத்துவச்சிகளுக்கு அந்த வழி கிடையாது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். பிரசவ மருத்துவ நூல் ஒன்றும் 1850-களிலேயே தமிழில் அச்சேறியது. மதராஸில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. இன்றும் நம் பி.எஸ்சி. நர்சிங் மாணவி வார்டில் தமிழில் பேசி, தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறாள். கிராமத்துப் பள்ளியிலிருந்து வரும் பெண்ணை முதல் ஆண்டில் திணறடிப்பது பாடத்தைவிட பாஷைதான்.

1926 முக்கியமான ஆண்டு. மதராஸ் மாகாணம் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்து பதிவுக்கென்று ஒரு கவுன்சிலை அமைத்தது. இன்றைய தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதிகள் குழுமத்தின் வேர் அது. அதே ஆண்டில் இலங்கையில், களுத்துறையில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆசியாவில் இந்த மாதிரி முயற்சிகளுக்கு அது முன்னோடி. யோசனை எளிமையானது. ஒரு பகுதியை எல்லை பிரித்து, அங்கே உள்ள ஒவ்வொரு வீட்டையும் ஒரு மருத்துவ அதிகாரியும் நர்ஸும் மருத்துவ மாதுகளும் சுகாதார ஆய்வாளர்களும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வது. நோயாளி தேடி வரும்வரை காத்திருக்காமல், கர்ப்பிணி யார், கைக்குழந்தை எந்த வீட்டில் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது. இலங்கையில் குடும்ப நல மாது ஊருக்குள் வீடு வீடாக வருகிற வழக்கம் இன்றுவரை இதன் தொடர்ச்சிதான்.

அந்த யோசனை கடல் தாண்டி வந்து இறங்கிய இடங்களில் ஒன்று பூந்தமல்லி. 1930-களில் இங்கே ராக்பெல்லர் உதவியுடன் ஒரு மாதிரி சுகாதாரப் பிரிவு உருவானது. உத்தரப் பிரதேசத்தில் பிரதாப்கர், திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை போலச் சில ஊர்களில் நடந்த சோதனையின் மதராஸ் முகம் இது. சென்னைக்குப் பக்கம், ஆனாலும் சுற்றிலும் ஏரியும் வயலுமாக முழுக் கிராமம். தேர்வு செய்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும். அன்றைக்கு வானகரம், அயனம்பாக்கம், திருவேற்காடு எல்லாம் செங்கல்பட்டு ஜில்லாவின் விவசாய ஊர்கள்.

இத்தகைய பிரிவுகளில் வேலை செய்த ஹெல்த் விசிட்டருக்கு இன்றைய கல்லூரிகள் பார்க்கும் பட்டம் எதுவும் கிடையாது. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனால் தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள், அதன் மேல் என்ன வைத்தார்கள் என்று கேட்பது அவள் வேலை. சாணமோ சாம்பலோ வைத்திருந்தால் வில்வாத ஜன்னி எட்டாம் நாளுக்குள் வரலாம். குழந்தையின் எடை, தாயின் சோகை, அம்மை குத்தியதா இல்லையா, வீட்டுக் கிணறு, மூத்த பிள்ளையின் சிரங்கு எல்லாம் அவள் குறிப்பேட்டில் ஏறும். குழந்தை மருத்துவம், மகப்பேறு, தொற்றுநோய் என்று மருத்துவமனை தனித்தனி வாசல் வைத்திருக்கிற விஷயங்கள் அவளுக்கு ஒரே வீட்டின் ஒரே திண்ணையில் கிடந்தன. குடும்ப நல நர்ஸ் என்று இன்று பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி அது. 1939-ல் வந்த மதராஸ் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதலாவது, தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமைகளில் சேர்த்தது. ஆக வேலைக்குச் சட்டத்தின் ஆதரவும் வந்துவிட்டது. ஆனால் பார்க்கலாம், சொல்லலாம், எழுதி அனுப்பலாம். மருந்து டாக்டர் கையில்.

மருத்துவமனைப் பக்கம் கதை வேலூரில் சூடுபிடித்தது. ஐடா ஸ்கடர் அங்கே நர்சிங் பள்ளியை 1909-ல் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது அதற்கு ஒன்பதாண்டு கழித்து, 1918-ல். ஒரு மருத்துவமனைக்கு முதலில் யார் தேவை என்பதில் அந்த அம்மாவுக்குக் குழப்பமே இருக்கவில்லை. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் இந்தியாவின் முதல் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புகள் தொடங்கின. அதே ஆண்டு சர் ஜோசப் போர் தலைமையிலான குழு நாட்டின் சுகாதாரக் கணக்கை வெளியிட்டது. முப்பது கோடி மக்களுக்கு டாக்டர்கள் சுமார் 47,500. பதிவு பெற்ற நர்ஸ்கள் சுமார் 7,000. ஹெல்த் விசிட்டர்கள் வெறும் 750. டாக்டர்களைவிட நர்ஸ்கள் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டிய இடத்தில் ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ்! நர்ஸ்கள் தங்கும் இடமும் வேலைச் சூழலும் எவ்வளவு மோசம் என்றும் அந்தக் குழு எழுதி வைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க நாடு எடுத்த வழி, படிப்பைச் சுருக்கிக் கொண்டு ஆளைப் பெருக்குவது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. 1951-ல் பஞ்சாபின் தர்ன் தாரனில் துணை நர்ஸ் மருத்துவச்சி, அதாவது ஏ.என்.எம். பயிற்சி தொடங்கியது. 1973-ல் கர்த்தார் சிங் குழு, மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியே வீட்டுக் கதவைத் தட்டுவதை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே பணியாளர் போதும் என்றது. தமிழ்நாட்டில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பெயர் கிராம சுகாதார செவிலியர். மக்கள் வாயில் அவர் நர்ஸம்மா. ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களில் இவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பது தவறு. நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், பிறகு ஸ்கூட்டி வாங்கினார்கள்.

இதற்குள் சென்னை மேற்கின் முகம் மாறிவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று 1960-களில் வயல்கள் ஷெட்டுகளாயின. 1968-ல் எழும்பூரில் குழந்தைகள் நல நிலையம் அமைந்ததும் ஆவடி, பூந்தமல்லித் தாய்மார்களுக்கு முடியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பெரிய இடம் கிடைத்தது. அதற்குப் பின்னணியில் இருந்தவர் தமிழகக் குழந்தை மருத்துவத்தின் முன்னோடி டாக்டர் எஸ்.டி. ஆச்சார். 1988-ல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியபின் நர்சிங் கல்லூரிகள் புறநகரெங்கும் முளைத்தன. புழல் அம்பத்தூர் சாலையில் உமையாள் ஆச்சி நர்சிங் கல்லூரி, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, அயனம்பாக்கத்தில் அப்பல்லோ. இன்று இந்த வட்டாரத்தில் ஒரு பெண் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தே நர்சிங்கில் முதுநிலைப் பட்டம் வரை படித்துவிடலாம். முதுநிலையில் ஐந்து பிரிவுகள்: மருத்துவ அறுவை, மகப்பேறு, மனநலம், சமூக நலம், குழந்தை நலம். 1871-ன் நான்கு மாணவிகளை நினைத்தால் இது சாதாரணத் தூரம் இல்லை.

இப்போது அமெரிக்காவுக்கு. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஒரு சிறு சோதனை செய்தார்கள். கிராமப்புறங்களில் குழந்தை மருத்துவர்கள் இல்லை. பொது சுகாதார நர்ஸ்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சில மாதம் தீவிரப் பயிற்சி கொடுத்து, குழந்தையை முழுதாகப் பரிசோதிக்கவும், சாதாரண நோய்களைத் தாங்களே கையாளவும், கைமீறியதை மட்டும் டாக்டருக்கு அனுப்பவும் விட்டால் என்ன? விட்டார்கள். வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களை நர்ஸ்களே பார்த்துக்கொள்ள முடிந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தொழில் அப்படித்தான் குழந்தைகளிடமிருந்து தொடங்கியது. ஃபோர்டு தாமே கிராமத்துப் பொது சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவர். அந்த வகையில் அவர் நம் நர்ஸம்மாக்களின் இனம்.

வேடிக்கை என்னவென்றால் எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. நர்சிங் பேராசிரியைகளே கடுமையாக எதிர்த்தார்கள். டாக்டரின் வேலையைச் செய்யப் போனால் நர்சிங் என்ன ஆவது என்பது அவர்கள் வாதம். ஃபோர்டு விடவில்லை. அவர் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில் காலமானபோது, அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பல மாகாணங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே சொந்தக் கிளினிக் நடத்தும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

பிறகு பட்டப் போட்டி அங்கேயும் வந்தது. 1979-ல் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் நர்சிங்கில் தொழில்முறை டாக்டர் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2001-ல் கென்டக்கி பல்கலைக்கழகம் டி.என்.பி. என்ற நர்சிங் செயல்பாட்டு டாக்டர் பட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்றாண்டு கழித்து, நர்சிங் கல்லூரிகளின் சங்கம் ஒரு கெடு வைத்தது: 2015-க்குள் உயர்நிலை நர்ஸ்களுக்கு இதுவே நுழைவுத் தகுதி. கெடு கடந்துபோனது, முதுநிலைப் பட்டத்தோடும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் குழந்தை நலத்திலும் குடும்ப நலத்திலும் இந்தப் பட்டம் தரும் கல்லூரிகள் பெருகிவிட்டன. இளநிலைக்குப் பிறகு குறைந்தது ஆயிரம் மணி நேரம் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். ஆய்வு எழுதிப் பெறும் பிஎச்.டி.யிலிருந்து இதைப் பிரிப்பது அந்த ஆயிரம் மணி நேரம்தான். படிப்பு முடிந்ததும் அவர் திரும்பப் போவது கிளினிக்குக்கே.

இந்தியாவில் நர்ஸ் டாக்டர் பட்டம் வாங்குவது என்றால் அது பிஎச்.டி. டெல்லியின் ராஜ்குமாரி அம்ரித் கவுர் நர்சிங் கல்லூரியில் எம்.பில். 1986-ல் வந்தது, பிஎச்.டி. 1992-ல். 2000-களின் நடுவில் இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூரின் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தேசிய பிஎச்.டி. கூட்டமைப்பு ஒன்றை அமைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் மையங்களில் ஒன்று. நல்ல ஆய்வுகள் வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் தாய்மார்களுக்கு ஒரு கற்பித்தல் திட்டம் நடத்தி, முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து, அறிவு கூடியது என்று முடிக்கும் ஆய்வேடுகள் நம் நர்சிங் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக உண்டு என்பதையும் துறையில் யாரும் மறுக்க மாட்டார்கள். குழந்தைகள் வார்டில் பதினைந்து ஆண்டு நின்ற நர்ஸ் பிஎச்.டி. முடித்தால் அடுத்து எங்கே? பேராசிரியை நாற்காலி, முதல்வர் அறை, ஆய்வுக் குழுக்கள். வார்டுக்குத் திரும்பினால் பட்டம் வீண் என்று வீட்டிலேயே சொல்வார்கள். குழந்தையைப் பார்க்கத் தெரிந்தவரை மேலே படிக்க வைத்துக் குழந்தையிடமிருந்து அப்புறப்படுத்தும் ஏற்பாட்டை நாம் கட்டி வைத்திருக்கிறோம்.

இதற்கிடையில் பூந்தமல்லி வழியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் நிறைய நடந்தது.

குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை முறை 2003 வாக்கில் இந்தியாவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. அதைக் கற்ற கிராம நர்ஸ், இருமலோடு வரும் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. நெஞ்சு உள்வாங்குகிறதா, பால் குடிக்கிறதா, வலிப்பு வந்ததா என்று பார்த்து அட்டையில் இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்துகிறார். இளஞ்சிவப்பு என்றால் உடனே பெரிய மருத்துவமனை. மஞ்சள் என்றால் மருந்தோடு இங்கேயே. ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். இதை நோய் கண்டறிதல் என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் ‘வகைப்படுத்தல்’ என்று வைத்துக்கொண்டார்கள்.

2005-ல் பிரசவத்தில் ரத்தப்போக்கையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளை ஏ.என்.எம்.களே கொடுக்கலாம் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் வந்தது. வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸ் ஏற்றலாம். முன்பெல்லாம் ஏற்றுவது மட்டும்தான். 2014-ல் இன்னொரு படி. தொற்று கண்ட பச்சிளம் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாத குடும்பங்களில், ஜென்டாமைசின் ஊசியை ஏ.என்.எம். போடலாம் என்று அனுமதி. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஊசி! டாக்டர்களே கை நடுங்கும் காரியத்தைப் பதினெட்டு மாதம், இரண்டு வருடம் படித்தவரிடம் அரசு ஒப்படைத்தது. இன்னொரு பக்கம் ஆறு வருடம் படித்து எம்.எஸ்சி. குழந்தை நல நர்சிங் முடித்தவர் நகரத்து வார்டில் பாராசிட்டமால் சிரப்புக்கும் டாக்டர் எழுதும்வரை நிற்கிறார். படிப்பைப் பொறுத்து அதிகாரம் தரப்படவில்லை. டாக்டர் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டும் தரப்பட்டது.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதுதான் கதை. 2000-களில் தமிழ்நாடு ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தது. இராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு வரும் பெண்ணை உள்ளே எடுப்பது அந்த நர்ஸ்தான், டாக்டர் போனில். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடப்பதிலும், 2020 கணக்கில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13 என்று இறங்கியதிலும் இந்த இரவு டியூட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கைம்மாறு என்ன? 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்ஸ்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரையே அரசு பயன்படுத்தத் தொடங்கியது சமீபத்தில்தான். தேசிய சுகாதாரக் கொள்கை 2017-ல் அந்தச் சொல் இடம்பெற்றது. அந்தக் காலகட்டத்தில் தீவிர சிகிச்சைக்கான இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. படிப்பின் பெரும்பகுதி ஐ.சி.யூ.விலேயே கழியும். அமெரிக்கா குழந்தைகளிடமும் கிராமத்திடமும் தொடங்கியதை நாம் வென்டிலேட்டர் பக்கத்தில் தொடங்கியிருக்கிறோம். கார்ப்பரேட் மருத்துவமனைகளில் ஆள் தேவைப்பட்ட இடம் அது. அங்கேயும் மருந்து விஷயத்தில் மருத்துவமனை முன்கூட்டியே வகுத்த நெறிமுறைக்குள்தான் அவர் நடக்கலாம்.

2018-ல் ஒன்றிய அரசு பிரசவத்துக்கும் நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்குவதாக அறிவித்தது. பதினெட்டு மாதப் பயிற்சி, அதன்பின் சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே தலைமை ஏற்று நடத்தலாம். தெலங்கானா அதற்கு ஓராண்டு முன்பே, ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை துணையோடு கரீம்நகரில் தொடங்கியிருந்தது. அந்த மாநிலத்துக்கு அவசரம் இருந்தது: ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் அங்கே 60.7 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், நாட்டிலேயே முதலிடம். அடுத்த இடங்களில் தமிழ்நாடும் உண்டு. இங்கே 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் அறுபதைத் தாண்டுகிறது. மருத்துவச்சியிடமிருந்து பிரசவத்தைப் பிடுங்கிப் படிப்படியாக ஆபரேஷன் தியேட்டர் வரை கொண்டுபோன பயணம், பட்டதாரி நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி மருத்துவச்சியாக இரு என்று கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது; 1947-ன் பழைய கவுன்சில் சட்டத்துக்கு மாற்று அது. சட்டம் ஒருபுறம் இருக்க, வேலூர்க் கல்லூரியின் நர்சிங் துறை, சுற்றியுள்ள கிராமங்களில் நர்ஸ்களே நடத்தும் கிளினிக்குகளோடு பல்லாண்டுகளாகச் சமூக நலத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. குழந்தை நலமும் குடும்ப நலமும் சேர்ந்த செயல்பாட்டு டாக்டர் பட்டம் ஒன்றை இந்த நாட்டில் யாராவது வகுக்க நினைத்தால், ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்கு இடம் தேடிக் கொலராடோ போக வேண்டியதில்லை. வேலூர்க் கிராமங்கள் இருக்கின்றன. பூந்தமல்லியைச் சுற்றி துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பாடம் எடுக்கக்கூடிய மூத்த நர்ஸம்மாக்கள் பலர், பதவி உயர்வு ஒன்றிரண்டோடு ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.